உயிரோட இருக்கேன்னு யார்கிட்ட சொல்றது?

‘அமரன்’ பார்த்துட்டு தியேட்டர்ல கண்ணைத் துடைச்சவங்க நம்மள்ல நிறைய பேர் இருப்போம். 2014-ல உயிர்விட்ட மேஜர் முகுந்த் வரதராஜனை இந்த ஊர் மறக்காது. ஆனா போருக்குப் போய், உயிரோட திரும்பி வந்து, அப்புறம் மெதுவா வயசாகி, இப்போ மயிலாப்பூர்லயோ அடையாறுலயோ லிஃப்ட் இல்லாத மூணாவது மாடில உட்கார்ந்திருக்கிறவரை? 1971 போர்ல 20 வயசுப் பையன்னா, இன்னைக்கு 75-ஐ ஒட்டி இருப்பார். 1965-ன்னா 80 தாண்டியாச்சு. ஒவ்வொரு டிசம்பர் 16-க்கும் கோட்டைக்குப் பக்கத்துல இருக்கிற போர் நினைவிடத்துல மலர்வளையம் வைக்கிறாங்க. அந்த வெயில்ல போய் நிக்க இவரால முடியாது. விழாவுக்கு வர முடியாதவருக்கு மரியாதை எப்படிப் போய்ச் சேரும்? இந்த எபிசோடு அதைப் பத்திதான்.

மாலை, சால்வை, மேடை எல்லாம் ஒரு பக்கம் இருக்கட்டும். வீட்டை விட்டு நகர முடியாத ஒரு முன்னாள் ராணுவ வீரரை அரசாங்கம் வருஷத்துக்கு ஒரு தடவை கட்டாயம் கேட்கிற கேள்வி ஒண்ணு இருக்கு: “நீங்க உயிரோட இருக்கீங்களா?” அதுக்கான பதில்தான் லைஃப் சர்ட்டிஃபிகேட், ஆயுள் சான்று. கொடுக்கலைன்னா பென்ஷன் நின்னுடும். அவர் போன பிறகு குடும்ப பென்ஷன் வாங்குற மனைவிக்கும் இதே விதிதான். நடமாட முடியாம வீட்டோட இருக்கிறவங்கள்ல அந்தப் பாட்டிகளும் நிறைய.

சர்வர் வேலை பார்க்கிறவங்களுக்கு இது உடனே புரியும். ஒவ்வொரு மெஷினும் குறிப்பிட்ட நேரத்துக்கு ஒரு தடவை ‘இருக்கேன்’னு ஒரு சிக்னல் அனுப்பணும். அதுக்குப் பேரே ஹார்ட்பீட். வரலைன்னா, அந்த மெஷின் செத்துடுச்சுன்னு சிஸ்டம் முடிவு பண்ணிடும். நடுவுல நெட்வொர்க் கேபிள் கழண்டிருந்தாலும் அதே முடிவுதான். இங்க கழண்டிருக்கிற கேபிள் தாத்தாவோட முட்டி.

முன்னாடி பென்ஷன் பெரும்பாலும் பேங்க் வழியா வந்தது. பேங்க்ல இருக்கிறவருக்கு இவர் முகம் தெரியும். படுத்த படுக்கைன்னு பையன் போய் சொன்னா, யாராவது ஒருத்தர் வீட்டுக்கே வந்து பார்த்துட்டுப் போவாங்க. இப்போ ராணுவ பென்ஷன் ‘ஸ்பர்ஷ்’ங்கிற ஆன்லைன் சிஸ்டத்துக்கு மாறிடுச்சு. ஸ்பர்ஷ்னா ஹிந்தில தொடுதல்னு அர்த்தம், பேர் வெச்சவருக்கு ரசனை இருக்கு. ஃபைல் இருக்கிறது பிரயாக்ராஜ்ல. அங்க யாருக்கும் இவர் முகம் தெரியாது.

அதோட விளைவு 2022-ல தெரிஞ்சுது. ஏப்ரல் மாச பென்ஷன் 58,275 பேருக்கு வரல. அவங்க உயிரோட இருக்கிறதை மாசக் கடைசிக்குள்ள சிஸ்டத்தால உறுதிப்படுத்த முடியலைன்னு பாதுகாப்பு அமைச்சகம் விளக்கம் கொடுத்துச்சு. சத்தம் கிளம்பினதும் ஒரு தடவைக்கு மட்டும் விலக்கு கொடுத்து, மே முதல் வாரத்துலயே பணத்தைப் போட்டாங்க. பணம் வந்துடுச்சு, சரி. ஆனா அந்தச் சில நாள் 80 வயசுக்காரர் ஒருத்தர் பாஸ்புக்கைப் பார்த்துட்டு என்ன நினைச்சிருப்பார்? ஒருத்தரைச் செத்ததா கணக்குல எழுதறதுக்கு முன்னாடி, யாராவது போய் ஒரு தடவை கதவைத் தட்டியிருக்கணும். நல்ல சிஸ்டம் அப்படித்தான் பண்ணும்.

கதவைத் தட்ட வழி இல்லாம இல்ல. 2014 நவம்பர்ல ‘ஜீவன் பிரமாண்’ வந்துச்சு: ஆதார் நம்பர் கொடுத்து கைரேகை வெச்சா டிஜிட்டல் சான்று. ஆனா வயசானா ரேகை தேய்ஞ்சு போயிடும், மெஷின் பத்து தடவை ‘இல்லை’ங்கும். 2020-ல இருந்து போஸ்ட்மேனே வீட்டுக்கு வந்து எடுத்துக் கொடுக்கிற சேவை இருக்கு, கட்டணம் 70 ரூபாய். கச்சேரி ரோடு போஸ்ட் ஆபீஸ்லயோ உங்க ஏரியா போஸ்ட்மேன்கிட்டயோ சொல்லி வெச்சா போதும். 2021 நவம்பர்ல முகத்தை வெச்சு சரிபார்க்கிற முறையும் வந்துடுச்சு, அதுக்கு சாதாரண ஆண்ட்ராய்டு போன் போதும்.

இந்த இடத்துலதான் நீங்க வர்றீங்க. ‘ஆதார் ஃபேஸ் ஆர்டி’, ‘ஜீவன் பிரமாண்’னு ரெண்டு ஆப். முதல்ல ஆபரேட்டரா உங்க முகத்தைப் பதிவு பண்ணணும். அப்புறம் அதே போன்ல எத்தனை பேருக்கு வேணும்னாலும் எடுத்துக் கொடுக்கலாம், உங்க அபார்ட்மென்ட் முழுக்க. தேவையானது ஆதார், அதோட இணைஞ்ச மொபைல், பி.பி.ஓ. நம்பர், பேங்க் கணக்கு எண். ஜன்னலுக்கு எதிர்ல உட்கார வைங்க, வெளிச்சம் முகத்துல விழணும். உயிருள்ள ஆள்தானான்னு பார்க்க கண்ணைச் சிமிட்டச் சொல்லும். கண் ஆபரேஷன் பண்ணவங்களுக்கு அது கொஞ்சம் நேரம் எடுக்கும், அவசரப்படுத்தாதீங்க.

ஒரு இடத்துல மட்டும் கவனம். பென்ஷன் கொடுக்கிற அமைப்பு எதுன்னு கேட்கும்போது, பணம் பேங்க்ல தானே வருதுன்னு பழக்கத்துல பேங்க் பேரைத் தேர்ந்தெடுத்துடுவாங்க. ஸ்பர்ஷுக்கு மாறினவங்க ஸ்பர்ஷைத்தான் தேர்ந்தெடுக்கணும். இல்லைன்னா சான்று தப்பான வாசல்ல போய் நிக்கும். பிரமாண் ஐடி எஸ்.எம்.எஸ்.ல வந்ததும் வேலை முடிஞ்சுதுன்னும் நினைக்காதீங்க. அது ஏத்துக்கப்பட்டுச்சா, நிராகரிக்கப்பட்டுச்சான்னு சில நாள் கழிச்சு ஒரு தடவை பார்த்துடுங்க. அப்புறம், போன்ல கூப்பிட்டு “லைஃப் சர்ட்டிஃபிகேட் போடணும், ஓ.டி.பி. சொல்லுங்க”ன்னு கேட்கிறவன் திருடன். இதை அவங்ககிட்ட ரெண்டு தடவை சொல்லுங்க.

பி.பி.ஓ.வைக் கையில எடுக்கும்போதே பிறந்த தேதியையும் பாருங்க. 80 வயசானா அடிப்படை பென்ஷன்ல 20 சதவீதம் கூடும், 85-ல 30, 90-ல 40, 95-ல 50. 100 வயசானா அடிப்படை பென்ஷன் ரெட்டிப்பு. தேதி தப்பா இருந்தா இது வராமலே போகலாம்.

பணத்தைப் பத்தியே பேசுறேனேன்னு தோணுதா? ஃபீல்டு மார்ஷல் சாம் மானெக்‌ஷாவை எடுத்துக்கோங்க. ஃபீல்டு மார்ஷலுக்கு ஓய்வே கிடையாது, கடைசி வரைக்கும் முழுச் சம்பளம். 1973-ல அந்தப் பதவி கொடுத்தாங்க, சம்பளத்தை மறந்துட்டாங்க. ஒரு கோடி ரூபாய்க்கு மேல நிலுவை அவர் கைக்கு வந்தது 2007-ல, 90 வயசு தாண்டி. அதே 2007-ல, வெலிங்டன் ராணுவ ஆஸ்பத்திரில இருந்த அவரை ஜனாதிபதி அப்துல் கலாம் நேர்ல போய்ப் பார்த்தார். அடுத்த வருஷம் ஜூன்ல மானெக்‌ஷா அங்கேயே காலமானார். அவருக்கே 34 வருஷம்னா, தி.நகர் சந்துல இருக்கிற ஒரு ரிட்டயர்டு ஹவில்தார் யார்கிட்ட போய்க் கேட்பார்?

முகம் ஸ்கேன் பண்ண நெட் நல்லா இருந்தா அஞ்சு நிமிஷம். ஆனா உள்ள போனா எப்படியும் காபி வரும். குடிச்சிட்டே எந்த ரெஜிமென்ட்னு கேளுங்க. மெட்ராஸ் ரெஜிமென்ட்டா, சாப்பர்ஸான்னு ஆரம்பிச்சா பேச்சு எங்கெங்கயோ போகும். அடுத்த மீட்டிங்கை ஒரு மணி நேரம் தள்ளி வெச்சுட்டுப் போங்க.