கரு ஏன் நிலைப்பதில்லை?

லூபஸ் என்னும் நெடுநாள் அழற்சி நோயுடைய ஸ்திரீகளுள் சிலருக்குக் கர்ப்பம் மீண்டும் மீண்டும் கலைந்துபோவதற்கு, அவர்கள் மாடிப்படி ஏறியதோ குடம் தூக்கியதோ காரணமன்று. ஊரார் கற்பிக்கும் இத்தகைய காரணங்கள் ஏனோ மருமகளின் தலையிலேதான் வந்து விடிகின்றன.

மெய்யான காரணம், லூபஸுடன் சேர்ந்து வரக்கூடிய இன்னொரு நோய். 1983-இல் லண்டன் வைத்தியர் கிரஹாம் ஹியூஸ் விவரித்த அந்நோயில், கிருமிகளை எதிர்க்கவேண்டிய எதிர்ப்புரதங்கள், பாஸ்போலிப்பிட் என்னும் கொழுப்பைச் சார்ந்து நிற்கும் சொந்தப் புரதங்களையே பகையென்று கருதித் தாக்குகின்றன. இவற்றுள் ஒருவகை, சோதனைக் குழாயில் இரத்தம் உறைவதைத் தாமதப்படுத்திவிட்டு, உடலுக்குள் அதே உறைதலைத் தூண்டிவிடுவது விசித்திரமே! ஆயினும், நஞ்சுக்கொடியின் இரத்த ஓட்டத்தைத் தடுக்கும் உறைகட்டி மட்டுமே குற்றவாளி என்று தீர்ப்பளித்துவிட முடியாது. காம்ப்ளிமென்ட் என்னும் இரத்தப் புரதங்கள் கிளர்ந்து அங்கே அழற்சியை மூட்டுவதையும், இரத்தம் உறைவதைத் தடுக்கும் ஹெபாரின் என்னும் மருந்து அக்கிளர்ச்சியை அடக்குவதையும் எலிகளிடம் செய்த ஆராய்ச்சிகள் காட்டின.

ஆகவே, 12 வார இடைவெளியில் இருமுறை இரத்தத்தைச் சோதித்து நோயை உறுதிசெய்தபின், சிறிய அளவில் ஆஸ்பிரினும், குழந்தையிடம் கடந்து செல்லாத ஹெபாரின் ஊசியும் அளிக்கப்படுகின்றன. 1997-இல் லண்டனில் 90 பேரிடம் நடந்த பரிசோதனையில், ஆஸ்பிரின் மட்டும் பெற்றவர்களுள் நூற்றுக்கு 42 பேரும், இரண்டையும் பெற்றவர்களுள் 71 பேரும் உயிருள்ள சிசுவை ஈன்றனர்.

லூபஸ் உடையவர்கள், நோய் ஆறு மாதமேனும் அடங்கியிருந்தபின் கருத்தரிப்பதே உசிதம்; கர்ப்பமானதும், லூபஸுக்காக உட்கொண்டுவரும் ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் மாத்திரையைத் தாமாகவே நிறுத்திவிடலாகாது.