வையையின் எந்தக் கரையில் தங்கினாள் கண்ணகி?

ஒருவர் படைத்த கதையுலகில் இன்னொருவர் புகுந்து எழுதும்போது, முதல் நூலில் சொன்னதற்கும் பின்வந்த நூலில் சொல்வதற்கும் இடையே ஒவ்வாமை நேர்வதும், அதைக் கண்டு வாசகர் மனம் கொதிப்பதும் இன்றைய அறிவியல் புனைகதை உலகில் அன்றாட நிகழ்ச்சி ஆகிவிட்டன. திரைப்படத்தையோ தொலைக்காட்சித் தொடரையோ ஒட்டி, உரிமையாளரின் அனுமதியுடன் வேறொருவர் எழுதும் நாவலைச் சார்பு நாவல் எனலாம். படம் முடிவதற்கு முன்பே, திரைக்கதைப் பிரதியை மட்டும் கையில் வைத்துக்கொண்டு, குறுகிய தவணைக்குள் எழுதப்படுவதே இத்தகைய நாவல்களில் பலவற்றின் நிலை. ‘ஸ்டார் வார்ஸ்’ முதற்படம் 1977இல் வெளிவருவதற்கு முன்னரே, 1976 இறுதியில், அதன் நாவல் வடிவம் ஜார்ஜ் லூக்காஸ் பெயரில் கடைக்கு வந்தது. அதை உண்மையில் எழுதியவர் ஆலன் டீன் ஃபாஸ்டர். இறுதிப் போரில் நாயகன் லூக் பறக்கும் அணி நாவலில் நீல அணி, படத்தில் சிவப்பு அணி. அதே ஃபாஸ்டர் 1978இல் எழுதிய தொடர்ச்சி நாவலில் லூக்குக்கும் லேயாவுக்கும் இடையே காதலின் சாயல் இருக்க, 1983இல் வந்த படம் அவ்விருவரும் உடன்பிறந்தவர்கள் என்று அறிவித்தது. இப்படிப் பெருகிய முரண்களுக்கும் தடைகளுக்கும் முடிவு கட்ட, 2014இல் லூக்காஸ் ஃபிலிம் நிறுவனம் அதுவரை வந்த சார்பு நாவல்களில் பெரும்பாலானவற்றை முதன்மைக் கதையின் வரிசையிலிருந்து விலக்கி, வெறும் பழங்கதைகள் என்று தனியே ஒதுக்கியது. பல்லாண்டுகளாக அவற்றைப் படித்து நிகழ்ச்சிகளை நினைவில் அடுக்கி வைத்திருந்த வாசகர்கள் அடைந்த கசப்பு எளிதில் ஆறவில்லை.

இந்தக் கசப்பு புதியதன்று என்பதற்கும், இது அறிவியல் புனைகதைக்கு மட்டும் உரியதன்று என்பதற்கும் மதுரை நகரமே மிகப் பழைய சான்று. இளங்கோவடிகள் இயற்றிய சிலப்பதிகாரத்தின் கதைமாந்தரை எடுத்துக்கொண்டு, அவர்களின் அடுத்த தலைமுறையைத் தலைமைப் பாத்திரமாக்கி, வேறொரு புலவர் வேறொரு சமய நோக்கில் எழுதிய தொடர்நூல் மணிமேகலை. அந்தப் புலவர் மதுரையில் தானிய வாணிகம் செய்தவராகக் கூறப்படும் கூலவாணிகன் சீத்தலைச் சாத்தனார். இரண்டு நூல்களும் முப்பது முப்பது காதைகள் கொண்டவை; ‘இரட்டைக் காப்பியங்கள்’ என்ற பெயரும் அவற்றுக்கு நிலைத்துவிட்டது. உ. வே. சாமிநாதையர் சிலப்பதிகாரத்தை 1892இலும் மணிமேகலையை 1898இலும் பதிப்பித்த பிறகு, இரண்டையும் அருகருகே வைத்துப் படிக்கும் வாய்ப்பு பொது வாசகருக்குக் கிட்டியது. அப்போதே, எங்கே கதை இணைகிறது, எங்கே பிசகுகிறது என்ற கேள்விகளும் எழுந்தன.

முதலில் சாத்தனாரின் திறமையைச் சொல்லிவிடுவதே முறை. சிலப்பதிகாரத்தின் அடைக்கலக் காதையில், கோவலனின் முன்னோர் ஒருவர் கடலில் கப்பல் உடைந்து தத்தளித்தபோது ஒரு கடல் தெய்வம் காப்பாற்றியதாகவும், அந்த நன்றியால் கோவலன் மாதவியிடம் பிறந்த தன் மகளுக்கு அத்தெய்வத்தின் பெயரையே இட்டதாகவும் மாடலன் என்ற மறையவன் வாயிலாக ஒரு செய்தி வருகிறது. இளங்கோவடிகளுக்கு அது கோவலனின் நற்பண்பைக் காட்டும் ஒரு குறிப்பு, அவ்வளவுதான். சாத்தனாரோ அந்தச் சிறு நூலிழையைப் பற்றிக்கொண்டு, மணிமேகலா தெய்வத்தையே தம் கதையை நடத்திச் செல்லும் பாத்திரமாக்கி, இளவரசன் உதயகுமரனிடமிருந்து மணிமேகலையைத் தூக்கிச் சென்று மணிபல்லவத் தீவில் சேர்ப்பவளாக வளர்த்தெடுக்கிறார். கோவலனின் தந்தை மாசாத்துவான் மகனை இழந்த துயரில் செல்வத்தையெல்லாம் தானம் செய்து பௌத்தத் துறவியானான் என்று சிலப்பதிகாரம் கூற, அவனை வஞ்சி நகரில் முதிய துறவியாகப் பேத்தியின் முன் கொண்டுவந்து நிறுத்துகிறார் சாத்தனார். முன்நூலை வரிவரியாக உள்வாங்கியவரால் மட்டுமே இப்படி எழுத முடியும். ஆகவே அவர் நூலில் முரண்கள் தென்படும்போது, மறதியால் நேர்ந்தவை என்று தள்ளிவிடுவதற்கு இடமில்லை.

முரண்களில் முதலாவது மணிமேகலையின் துறவைப் பற்றியது. சிலப்பதிகாரத்தின் கடைசிக் காதையான வரந்தரு காதையில், அவள் துறவு எப்படி நேர்ந்தது என்று சேரன் செங்குட்டுவன் கேட்க, கண்ணகியின் தோழி தேவந்தி விடை சொல்கிறாள். மகள் பருவமெய்திய நிலையில் அவளைக் கணிகையர் குலத் தொழிலுக்கு ஆயத்தம் செய்வது பற்றிப் பாட்டி சித்திராபதி பேச்செடுக்க, மாதவி மகளை அழைத்து, மாலையோடு கூந்தலையும் களைந்து, புத்த நெறியில் சேர்த்துவிடுகிறாள். அரசனும் ஊராரும் விலைமதிப்பற்ற மணியொன்றைக் கடலில் தவறவிட்டவர்களைப் போல வருந்துகிறார்கள். சில அடிகளில் எல்லாம் முடிந்துவிடுகிறது. முடிவெடுப்பவள் தாய், மகள் அந்த இடத்தில் வாய் திறப்பதே இல்லை.

சாத்தனார் காட்டும் மணிமேகலை இவளல்லள். தவக்கோலத்தில் மலர்வனத்துக்குப் போகும் அவளைக் கண்டு தாயின் கொடுமையை ஊரார் நொந்துகொள்ளும் காட்சி அவர் நூலிலும் இருப்பதால், இளங்கோவடிகள் சொன்னதை அவர் மறுக்கவில்லை என்பது தெளிவு. ஆனால் அந்தக் கோலத்துக்குள் இருக்கும் பெண்ணின் நெஞ்சம் உதயகுமரன் பின்னே போவதை அவளே தோழி சுதமதியிடம் ஒப்புக்கொள்கிறாள். முற்பிறப்பில் அவனே தன் கணவன் என்று மணிபல்லவத்தில் அறிகிறாள், அமுதசுரபி என்ற வற்றாத பாத்திரத்தைப் பெற்றுப் பசித்தோருக்கெல்லாம் உணவிடுகிறாள், காயசண்டிகை என்ற பெண்ணின் உருவெடுத்துத் திரியும்போது, அவளைத் தன் மனைவியென்று மயங்கிய வித்தியாதரன் காஞ்சனனின் வாளால் உதயகுமரன் மாண்டுபோவதைத் தாங்குகிறாள், சிறையிலும் கிடக்கிறாள். சாவகம் வரை வான்வழி சென்று, வஞ்சியில் பல சமயவாதிகளின் கொள்கைகளைக் கேட்டு, இறுதியில் காஞ்சியில்தான், முப்பதாம் காதையில், பிறவியை அறுக்கும் நோன்பைத் தானே மேற்கொள்கிறாள். தாய் கூந்தலைக் களைந்ததோடு முடிந்ததாக முன்நூல் சொன்ன துறவு, பின்நூலில் ஒரு காப்பிய நீளத்துக்குத் தள்ளிப்போகிறது. நிகழ்ச்சிகளின் வரிசையை மட்டும் பார்க்கிறவருக்கு இது பிழையாகத் தோன்றலாம்; பிறர் சூட்டிய துறவு துறவாகாது என்ற பௌத்தப் புலவரின் வாதம் அந்த இடைவெளிக்குள்தான் நுழைகிறது.

இரண்டாவது முரண் இதைவிடக் கூர்மையானது. மதுரை மக்களின் நம்பிக்கையைத் தொடுவது. சிலப்பதிகாரத்தின் கண்ணகி, கணவன் கோவலனைப் பாண்டியன் கொல்வித்ததற்காக மதுரையை எரித்தபின் சேர நாட்டு மலையில் வானேறி, பத்தினித் தெய்வமாகிறாள். அந்தணர், அறவோர், பசு, பத்தினிப் பெண்டிர், முதியோர், குழந்தைகள் ஆகியோரை விட்டுவிட்டுத் தீயவர் பக்கமே செல்லுமாறு அவள் நெருப்புக்கு ஆணையிட்டதாக இளங்கோவடிகள் கவனமாகக் குறிப்பிடுகிறார். வாழ்த்துக் காதையில் அவள் செங்குட்டுவன் முன் தோன்றிப் பாண்டியன் குற்றமற்றவன் என்றும், தான் அவன் மகள் என்றும் கூறுகிறாள். பகை தீர்ந்துவிட்டது, தெய்வத்துக்குப் பாவச்சுமை ஏதும் மிச்சமில்லை.

மணிமேகலையின் இருபத்தாறாம் காதையில் அதே கண்ணகி, வஞ்சிக் கோயிலில் படிமமாக நின்று, தன்னை வணங்க வந்த மகளிடம் பேசும்போது நிலைமை தலைகீழாகிறது. முற்பிறப்பில் கோவலன் செய்த கொலைப்பழியே அவன் சாவுக்குக் காரணம் என்று மதுராபதித் தெய்வம் உணர்த்தியும் கேளாமல் நகரை எரித்த வினை தன்னைத் தொடர்வதாகவும், வானுலக இன்பம் முடிந்தபின் மீண்டும் பிறந்து, புத்தர் நெறியைக் கேட்டு வீடுபேறு அடைய வேண்டியிருப்பதாகவும் அவள் சொல்கிறாள். கோவலன் முன்பிறப்பில் கலிங்க நாட்டில் சங்கமன் என்ற வணிகனை ஒற்றன் என்று பொய்ப்பழி கூறிக் கொல்வித்ததும், அவன் மனைவி நீலி சாபமிட்டதும் சிலப்பதிகாரத்தின் கட்டுரை காதையிலேயே உள்ளவை; சாத்தனார் அவற்றில் எதையும் மாற்றவில்லை. தகவல் ஒன்றே, தீர்ப்பு வேறு. ஒரு நூலில் கோயில் கொண்ட தெய்வம், மறுநூலில் வினைப்பயனுக்குக் காத்திருக்கும் உயிர். கண்ணகியை வழிபடும் ஒருவர் இந்தப் பகுதியைப் படித்து மனம் நொந்தால், அந்த நோவைக் குறைசொல்ல முடியாது. ஆனாலும் அது சாத்தனார் தெரிந்தே எடுத்த நிலைப்பாடு என்பதையும் ஏற்றாக வேண்டும்.

உண்மையான தடுமாற்றம் வேறோர் இடத்தில் இருக்கிறது. குன்றக் குறவர் தாங்கள் கண்ட அதிசயத்தை, அதாவது மார்பொன்றிழந்த ஒரு பெண் வேங்கை மர நிழலில் நின்று கணவனோடு வானேறியதை, குணவாயிற் கோட்டத்தில் இருந்த இளங்கோவிடம் வந்து சொன்னதாகச் சிலப்பதிகாரத்தின் பதிகம், அதாவது நூலின் முன்னுரைப் பகுதி, கூறுகிறது; காட்சிக் காதையோ, பேரியாற்றங்கரையில் தங்கியிருந்த செங்குட்டுவனிடம் அவர்கள் அதைச் சொன்னதாகக் கூறுகிறது. இரண்டிடத்திலும் உடனிருந்து முன்கதையை விளக்குபவர் சாத்தனார்தாம். பதிகம் பிற்காலத்தார் சேர்த்தது என்று ஆய்வாளர் சிலர் கருதுவதற்கு இத்தகைய ஒவ்வாமைகள் துணைநின்றன. சிலம்பின் பதிகத்தில் இளங்கோ சொல்லச் சாத்தனார் கேட்கிறார். மணிமேகலையின் பதிகத்தில் சாத்தனார் பாட இளங்கோ கேட்கிறார். நண்பர் இருவர் ஒருவர் நூலை மற்றவர் கேட்டு எழுதியிருந்தால், மேலே கண்ட முரண்கள் இருவரும் அறிந்தே விட்டவை என்றாகிறது.

முரண்களைத் தேடிக் கணக்கெடுக்கும் வாசகர் மரபும் தமிழுக்குப் புதியதன்று. சிலப்பதிகாரத்துக்கு உரை வகுத்த அடியார்க்குநல்லார், இந்திர விழா முடிந்த நாளையும் கோவலன் புகாரைவிட்டுப் புறப்பட்ட நாளையும் கிழமை, திதி, நட்சத்திரம் ஆகியவற்றை வைத்துப் பொருத்திப் பார்த்திருக்கிறார். கதை நாட்காட்டி ஒன்றை உருவாக்கும் இன்றைய ஆர்வலர் செய்வதும் இதுவே. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எல். டி. சாமிக்கண்ணுப் பிள்ளை அந்தக் குறிப்புகளையும், ஆடி மாதத் தேய்பிறை எட்டாம் நாளில், வெள்ளிக்கிழமையன்று மதுரை எரியும் என்ற காப்பியச் செய்தியையும் கொண்டு கணக்கிட்டு, பொ.ஆ. 756ஆம் ஆண்டைக் குறித்தார். இலங்கை வேந்தன் கயவாகு செங்குட்டுவனின் விழாவுக்கு வந்ததாக வரும் செய்தியைப் பிடித்துக்கொண்டு இரண்டாம் நூற்றாண்டு என்று நிறுவியவர்களுக்கு இந்தக் கணக்கு ஒத்துவரவில்லை. வாதம் பல்லாண்டுகள் நீண்டது.

நூல்களுக்கு வெளியே, ஊர்மக்களின் நினைவும் தன் போக்கில் கதையைத் தொடர்ந்து எழுதிவந்திருக்கிறது. மதுரைக்கு வடக்கே அழகர்கோவில் சாலையில் உள்ள கடச்சனேந்தலில் கண்ணகியும் கோவலனும் இடையர்குல மூதாட்டி மாதரியின் வீட்டில் தங்கினார்கள் என்று அப்பகுதி மக்கள் சொல்கிறார்கள். நகரின் தெற்கே பழங்காநத்தம் அருகிலுள்ள கோவலன் பொட்டல் அவன் வெட்டுண்ட இடமாகக் கருதப்படுகிறது. மாநிலத் தொல்லியல் துறை அகழாய்வு நடத்திய மேடு அது. சிம்மக்கல் செல்லத்தம்மன் கோயிலில் கண்ணகிக்குச் சிலை உண்டு. காப்பியத்தைக் கையில் வைத்துக்கொண்டு இவ்விடங்களுக்குச் செல்பவர் முதலிடத்திலேயே திகைத்து நிற்பார். ஏனெனில் சமணத் துறவி கவுந்தியடிகளோடு அவ்விருவரும் மரப்புணையில் ஏறி வையையைக் கடந்து தென்கரையை அடைந்ததாகவும், அதன் பிறகே மதுரையின் புறஞ்சேரிக்கு வந்து மாதரியிடம் அடைக்கலமானதாகவும் இளங்கோவடிகள் கூறுகிறார். கடச்சனேந்தலோ வையைக்கு வடக்கே இருக்கிறது. பழைய மதுரை இன்றைய மதுரைதானா என்பதே ஆய்வாளரிடையே வழக்காக இருக்கும்போது, காப்பியத்தின் தென்கரையை இன்றைய நிலப்படத்தில் அறுதியிட்டுச் சுட்டுவதும் எளிதன்று. ஊர்க்கதை தவறு என்று தள்ளுவதைவிட, ஆற்றின் வடபுறத்தாரும் கண்ணகியைத் தங்கள் ஊரில் ஒரு நாள் தங்கவைத்துப் பார்க்க விரும்பினார்கள் என்று கொள்வதே பொருத்தம்.

அண்மைக் காலத்தில் தமிழ் வாசகர் இந்த வகைச் சினத்தைப் பெருமளவில் வெளிப்படுத்தியது கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’ நாவல் தொடர்பாகத்தான். 1950 முதல் 1954 வரை வார இதழில் வந்த அத்தொடர் முடிந்தபோதே, பாத்திரங்கள் பின்னர் என்னவானார்கள் என்று கேட்ட வாசகர்களுக்காகக் கல்கி முடிவுரை எழுத வேண்டியிருந்தது. கதையின் தொடர்ச்சியாக விக்கிரமன் ‘நந்திபுரத்து நாயகி’யை எழுதினார். 2022இலும் 2023இலும் மணிரத்னத்தின் படங்கள் இரு பாகங்களாக வந்தபோது, கந்தமாறனின் தங்கை மணிமேகலை என்ற பாத்திரமே இல்லாமற்போனதை மன்னிக்காத வாசகர் பலர். வந்தியத்தேவன்மீது அவள் கொண்ட பேதமையான அன்பும், அது அவளை இட்டுச்சென்ற துயர முடிவும் நாவலின் இறுதிப் பக்கங்களைத் தாங்கி நிற்பவை. அவற்றை அகற்றினால் கதை சுருங்குவதோடு வந்தியத்தேவனின் குணமும் மாறிவிடுகிறது. நீளம் கருதிய வெட்டு என்ற விளக்கம் இந்த மனக்குறைக்கு விடையாகாது. சாத்தனார் முன்நூலின் ஒரு சிறு குறிப்பைத் தெய்வமாக வளர்த்தார், முரண்பட்ட இடத்தில் தம் காரணத்தைக் கண்ணகியின் வாயிலாகவே சொல்லவைத்தார். அந்த உழைப்பைப் பிறர் கதையைக் கையிலெடுக்கும் எவரிடமும் எதிர்பார்க்கும் உரிமை வாசகருக்கு இருக்கிறது.