ஒரு மிஸ்ஸிக்கு எத்தனை நோயாளி?

பாகான் நக்கோடா ஓமார் வட்டாரத்தில் யாருக்காவது சீக்கு முற்றினால், சபாக் பெர்ணம் ஆஸ்பத்திரிக்கோ தஞ்சோங் காராங்குக்கோ கொண்டு போகிறோம். போனதும் "டாக்டர் பார்த்தாரா?" என்று கேட்கிறோம். "இந்த வார்டுக்கு எத்தனை மிஸ்ஸி?" என்று யாரும் கேட்பதில்லை. அதுவும் உயிர்க் கேள்விதான்.

டாக்டர் சுற்றிப் பார்த்துவிட்டுப் போய்விடுவார். இரவும் பகலும் நோயாளியைக் கவனிப்பவர்கள் தாதியரே. டிங்கிக் காய்ச்சலை எடுத்துக்கொள்ளுங்கள். 3ஆம் நாளிலிருந்து 7ஆம் நாளுக்குள் காய்ச்சல் இறங்கும். "சூடு விட்டுடுச்சி" என்று நாம் நிம்மதி அடையும் அந்த நேரத்தில்தான் சிலருக்கு இரத்தக் குழாயிலிருந்து நீர் கசிந்து, இரத்த அழுத்தம் சரியும். நாடியையும் அழுத்தத்தையும் அடிக்கடி பார்த்தால் காப்பாற்றிவிடலாம். பார்க்க ஆள் இல்லாவிட்டால்?

செம்பனையில் இரண்டு ஆள் வேலையை ஒருவரிடம் கொடுத்தால் என்ன ஆகும்? பழுத்த குலை மரத்திலேயே நின்றுவிடும். அது வெட்டுபவரின் சோம்பல் அல்ல. வார்டிலும் அப்படித்தான். ஆனால் அங்கே தவறிப்போவது உயிர்.

இது வெறும் பேச்சல்ல. ஐரோப்பாவின் 9 நாடுகளில் 300 ஆஸ்பத்திரிகளில் அறுவைச் சிகிச்சை பெற்ற 4 லட்சத்து 22 ஆயிரத்துக்கு மேற்பட்டவர்களின் கணக்கை ஆராய்ந்து, 2014இல் முடிவை வெளியிட்டார்கள். ஒரு தாதியின் பொறுப்பில் ஒரு நோயாளி கூடினால், 30 நாளுக்குள் மரணம் நேரும் வாய்ப்பு 7 விழுக்காடு கூடுகிறது. நூற்றுக்கு 7 பேர் கூடுதலாகச் சாவார்கள் என்று பொருளல்ல. முன்பிருந்த ஆபத்து அந்த அளவு ஏறுகிறது. அமெரிக்காவில் 2002இல் வந்த ஆய்வும் இதையே சொன்னது: 4 பேரைப் பார்க்கும் தாதிக்கு 8 பேரைக் கொடுத்தால் அந்த வாய்ப்பு 31 விழுக்காடு ஏறும்.

கலிபோர்னியாவில் தாதியர் சங்கம் போராடியதால் 1999இல் இதற்குச் சட்டமே வந்தது. அங்கே சாதாரண வார்டில் ஒரு தாதிக்கு 2004இல் 6 பேர், 2005 முதல் 5 பேர் என்பதே உச்ச வரம்பு.

நாம் என்ன செய்யலாம்? மிஸ்ஸி வரத் தாமதமானால் அவரைத் திட்டாதீர்கள்; அவரும் நம்மைப்போல் தொழிலாளிதான். ஆனால் டிங்கி நோயாளிக்குக் கடும் வயிற்றுவலி, ஓயாத வாந்தி, இரத்தக் கசிவு, கை கால் சில்லிடுதல், மயக்கம், மூச்சுத் திணறல் கண்டால், "வேலையா இருக்காங்க" என்று தயங்காமல் உடனே போய்ச் சொல்லுங்கள். கிளைக் கூட்டத்தில் மருந்து, கட்டில் பற்றிப் பேசும்போது தாதியர் எண்ணிக்கையையும் கேளுங்கள். புதுக் கட்டடம் மட்டும் நோயாளியைக் காப்பாற்றாது. பார்க்க ஆள் வேண்டும்!