வெயிலை முடிவு செய்யும் வானத்து ஆறு

கனடா என்றதும் உங்களுக்கு என்ன நினைவுக்கு வருகிறது? பனி, கம்பளி உடை, உறைந்து கிடக்கும் ஏரிகள். அந்த நாட்டின் மேற்குப் பகுதியில், ஃபிரேசர், தாம்சன் என்னும் இரண்டு ஆறுகள் சேருமிடத்தில், லிட்டன் என்றொரு சிற்றூர் இருக்கிறது. அங்கே வாழ்ந்தவர்கள் சுமார் 250 பேர்தாம். நிலநடுக்கோட்டுக்கு வடக்கே 50 டிகிரியில், அதாவது சென்னையைவிட ஏறத்தாழ 4,000 கிலோமீட்டர் வடக்கே தள்ளி அமைந்த ஊர் அது.

2021ஆம் ஆண்டு ஜூன் 27 அன்று அங்கே வெப்பநிலை 46.6 டிகிரி செல்சியஸைத் தொட்டது. மறுநாள் 47.9 டிகிரி. அதற்கு அடுத்த நாள், ஜூன் 29 அன்று, 49.6 டிகிரி! கனடாவில் அதற்கு முன் பதிவான மிக அதிக வெப்பம் 1937இல் கண்ட 45 டிகிரிதான். நம் சென்னை நுங்கம்பாக்கத்தில் இதுவரை பதிவானவற்றிலேயே மிக அதிகமான வெப்பமும் அதே 45 டிகிரிதான். அது 2003 மே 31 அன்று. சென்னை ஒருநாளும் காணாத வெயிலைப் பனி நாட்டுச் சிற்றூர் ஒன்று கண்டுவிட்டது. ஜூன் 30 அன்று காய்ந்து கிடந்த அந்த ஊரில் தீப்பிடித்தது. சில மணி நேரத்தில் ஊரின் பெரும்பகுதி சாம்பலாயிற்று. அந்த வெப்ப அலையில் லிட்டன் அமைந்துள்ள மாநிலத்தில் மட்டும் 619 பேர் வெப்பத்தால் இறந்தார்கள்.

சூரியன் அந்த வாரம் மட்டும் கூடுதலாக எரிந்துவிடவில்லை. அப்படியானால் இத்தனை வெப்பம் எங்கிருந்து வந்தது? விடையைத் தேட நாம் தரையில் நின்றால் போதாது. தலைக்கு மேலே சுமார் 10 கிலோமீட்டர் உயரத்துக்குப் போக வேண்டும்.

பலூன் காட்டிய அதிசயம்

அந்த உயரத்தில் காற்று ஓர் ஆற்றைப் போல ஓடிக்கொண்டிருக்கிறது. நீளம் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர். அகலம் சில நூறு கிலோமீட்டர். ஆழமோ சில கிலோமீட்டர்தான். வேகம் மணிக்கு 100 கிலோமீட்டர் முதல் சில சமயம் 300 கிலோமீட்டருக்கு மேலும் இருக்கும். இதைத்தான் ஜெட் காற்று என்கிறார்கள். தாரைக் காற்று என்றும் சொல்லலாம்.

இதை முதலில் அளந்து சொன்னவர் ஜப்பானிய வானிலை அறிஞர் வசாபுரோ ஊயிஷி. 1920களில் அவர் டட்டேனோ என்னுமிடத்து ஆய்வு நிலையத்திலிருந்து பலூன்களைப் பறக்கவிட்டுத் தொலைநோக்கிக் கருவியால் அவற்றைப் பின்தொடர்ந்தார். குளிர்கால நாட்களில் 9 கிலோமீட்டர் உயரத்தை எட்டிய பலூன்கள் விநாடிக்குச் சுமார் 70 மீட்டர் வேகத்தில் கிழக்கே அடித்துச் செல்லப்பட்டன. உலகமெல்லாம் படிக்கட்டும் என்று எண்ணி, தம் முடிவுகளை 1926இல் எஸ்பெரான்டோ என்னும் பொது மொழியில் வெளியிட்டார். அந்தோ! அந்த மொழியை அறிந்தவர்கள் மிகச் சிலரே. அறிக்கையைப் படித்தவர் யாருமில்லை என்றே சொல்லலாம்.

இரண்டாம் உலகப் போரில் உலகம் அதை வேறு வகையில் அறிந்துகொண்டது. 1944 நவம்பர் 24 அன்று டோக்கியோவைத் தாக்கச் சென்ற அமெரிக்க பி-29 விமானங்கள் மணிக்கு 200 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட வேகமுள்ள காற்றில் சிக்கின. குண்டுகள் இலக்கை விட்டு எங்கெங்கோ விழுந்தன. பின்னர் சிகாகோவில் கார்ல் குஸ்டாஃப் ராஸ்பி என்னும் அறிஞரும் அவருடைய குழுவினரும் இக்காற்றின் இயல்புகளை விரிவாக ஆராய்ந்தார்கள்.

இன்று விமானிகளுக்கு ஜெட் காற்று பழகிய தோழன். 2020 பிப்ரவரியில் நியூயார்க்கிலிருந்து லண்டனுக்குச் சென்ற ஒரு பயணி விமானம் இந்தக் காற்றின் துணையோடு 4 மணி 56 நிமிடத்தில் போய்ச் சேர்ந்தது. வழக்கமாக அதற்கு ஆறு மணி நேரத்துக்கு மேல் ஆகும்.

காற்று ஏன் ஓடுகிறது?

ஒரே எடையுள்ள பஞ்சை இரண்டு பங்காக எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பங்கை நன்றாக அடித்து உதிர்த்துக் குவியுங்கள். மற்றதை அழுத்திக் கட்டுங்கள். உதிர்த்த பஞ்சு உயர்ந்து நிற்கும். அழுத்திய பஞ்சு தாழ்ந்து கிடக்கும். இரண்டின் எடையும் ஒன்றே. காற்றும் இப்படித்தான். நிலநடுக்கோட்டுப் பகுதியில் வெப்பத்தால் விரிந்த காற்று உயரமான குவியலாக நிற்கிறது. துருவத்தில் குளிர்ந்து சுருங்கிய காற்று தாழ்ந்து கிடக்கிறது. இப்போது 10 கிலோமீட்டர் உயரத்தில் நின்று பாருங்கள். வெப்பப் பகுதியில் உங்களுக்கு மேலே இன்னும் நிறையக் காற்று இருக்கும். குளிர்ப் பகுதியில் கொஞ்சமே இருக்கும். ஆகவே அந்த உயரத்தில் வெப்பப் பக்கம் அழுத்தம் அதிகம், குளிர்ப் பக்கம் குறைவு. காற்று வெப்பப் பக்கத்திலிருந்து துருவத்தை நோக்கிப் புறப்படுகிறது.

ஆனால் அது நேராகப் போய்ச் சேர்வதில்லை. சுழலும் குடைராட்டினத்தில் உட்கார்ந்துகொண்டு எதிரே இருக்கும் நண்பனிடம் பந்தை எறிந்து பாருங்கள். பந்து ஒரு பக்கமாக வளைந்து போவதுபோல் தோன்றும். பூமியும் ஒரு பெரிய குடைராட்டினம். அதன் வட பாதியில் நகரும் காற்று வலப்பக்கம் திரும்புகிறது. வடக்கு நோக்கிப் புறப்பட்ட காற்று இவ்வாறு திரும்பித் திரும்பி, கடைசியில் மேற்கிலிருந்து கிழக்காக ஓடுகிறது. இதுவே மேலை ஜெட் காற்று.

இதில் ஒரு விதியைக் குறித்துக்கொள்ளுங்கள்: வெப்பப் பகுதிக்கும் குளிர்ப் பகுதிக்கும் உள்ள வேறுபாடு கூடினால் ஜெட் காற்று விரையும், குறைந்தால் தளரும். கோடையில் துருவப் பக்கமும் ஓரளவு சூடேறிவிடுவதால், கோடை ஜெட் காற்று குளிர்காலத்தைவிடத் தளர்ந்து, வடக்கே ஒதுங்கி ஓடுகிறது.

வளைவும் வெப்பமும்

சமவெளியில் மெதுவாக ஓடும் ஆறு வளைந்து வளைந்து போவதைப் பார்த்திருப்பீர்கள். ஜெட் காற்றும் வடக்கே ஏறியும் தெற்கே இறங்கியும் அலைபோல் ஓடுகிறது. இந்த அலைகளுக்கு ராஸ்பி அலைகள் என்று பெயர். தெற்கே இறங்கும் வளைவில் குளிர்காற்றும் மழையும் வரும். வடக்கே ஏறும் வளைவின் கீழே உயர் அழுத்தம் நிலைகொள்ளும். அங்கே மேலிருந்து காற்று மெல்லக் கீழே இறங்கும்.

இறங்கும் காற்றுக்கு என்ன ஆகும்? சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பக்கத்தைத் தொட்டுப் பாருங்கள், சுடும். அழுத்தப்பட்ட காற்று சூடாகும் என்பதே இதற்குக் காரணம். மேலிருந்து இறங்கும் காற்றும் அழுத்தப்பட்டு, ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் ஏறத்தாழ 10 டிகிரி சூடேறுகிறது. ஒரு கணக்குப் போடுவோம். 5 கிலோமீட்டர் உயரத்தில் மைனஸ் 5 டிகிரியில் இருக்கும் காற்று தரை வரை இறங்கினால் 50 டிகிரி கூடி, 45 டிகிரி ஆகிவிடும்! உண்மையில் காற்று அவ்வளவு தூரம் நேராக இறங்கிவிடுவதில்லை. ஆனால் கொஞ்சம் இறங்கினாலே வெப்பம் ஏறிவிடும். சூடேறிய காற்றில் மேகமும் கரைந்துபோகும். தடையின்றி வெயில் விழும். மண்ணில் ஈரம் உள்ளவரை வெயிலின் ஒரு பகுதி நீரை ஆவியாக்குவதில் செலவாகும். ஈரம் தீர்ந்துவிட்டால் வெயில் முழுதும் தரையையே சுடும்.

லிட்டனில் நடந்தது இதுதான். அந்த வாரம் ஜெட் காற்று அங்கே வடக்கு நோக்கிப் பெரிதாக வளைந்து, நகராமல் நின்றுவிட்டது. சோற்றுப் பானைக்கு மூடி போட்டதுபோல் உயர் அழுத்தம் கவிந்தது. ஜூன் இறுதியில் அங்கே பகல் 16 மணி நேரம் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அதோடு, நிலக்கரியும் எண்ணெயும் எரித்து மனிதன் உலகைச் சூடாக்காமல் இருந்திருந்தால் இத்தகைய வெப்பம் நேர்ந்திருக்க ஏறத்தாழ வாய்ப்பே இல்லை என்று அந்நிகழ்ச்சியை ஆராய்ந்த அறிவியலாளர் குழு முடிவு கூறியது.

ஓர் அலை, இரண்டு நாடுகள்

2010ஆம் ஆண்டுக் கோடையில் மேற்கு ரஷ்யாவின்மேல் இப்படியொரு வளைவு வாரக்கணக்கில் நின்றது. மாஸ்கோவில் ஜூலை 29 அன்று 38.2 டிகிரி பதிவாயிற்று. காடுகள் எரிந்தன, கோதுமை கருகியது, பல்லாயிரம் பேர் மாண்டார்கள். அதே நாட்களில், கிழக்கே இருந்த அடுத்த வளைவு தெற்கே இறங்கிப் பாகிஸ்தான் வரை எட்டியது. அங்கே பருவமழையின் ஈரக்காற்று ஏற்கெனவே இருந்தது. இரண்டும் சேர்ந்து கொட்டிய மழையில் சிந்து நதி பெருகிச் சுமார் 2 கோடி மக்களை வாட்டியது. ஒரு நாட்டில் நெருப்பு, ஒரு நாட்டில் வெள்ளம். இரண்டையும் இணைத்தது வானத்தில் ஓடிய ஒரே அலை.

நமக்கென ஒரு ஜெட் காற்று

நம் நாட்டுக்கு வருவோம். குளிர்காலத்தில் மேலை ஜெட் காற்று இமயத்துக்குத் தெற்கே, வட இந்தியாவின் மேலாக ஓடுகிறது. மே மாத இறுதியிலும் ஜூனிலும் அது திபெத்துக்கு வடக்கே விலகிப் போகிறது. தென்மேற்குப் பருவக்காற்று நாட்டுக்குள் முன்னேறும் காலமும் அதுவே. அது முன்னேறும் வரை வடமேற்கு இந்தியா காய்கிறது. 2016 மே 19 அன்று இராஜஸ்தானின் பலோடியில் 51 டிகிரி பதிவானதும் அத்தகைய காய்ச்சலில்தான்.

அப்போது ஒரு விந்தை நிகழ்கிறது. திபெத் பீடபூமி சராசரியாக 4,500 மீட்டர் உயரம். கோடை வெயிலில் அது உயரே வைத்த அடுப்பைப்போல் மேல்காற்றைச் சூடாக்குகிறது. மழை மேகங்கள் வெளிவிடும் வெப்பமும் சேர்கிறது. இதனால் மேலடுக்கில் தெற்கேயுள்ள இந்துமாக் கடலைவிட வடக்கேயுள்ள திபெத் பக்கம் வெப்பமாகிவிடுகிறது! நாம் குறித்துக்கொண்ட விதியின்படி பாருங்கள்: வெப்பமும் குளிரும் இடம் மாறினால் காற்றின் திசையும் மாற வேண்டும் அல்லவா? அப்படியே ஆகிறது. தென்னிந்தியாவுக்கு மேலே 14 முதல் 16 கிலோமீட்டர் உயரத்தில், கிழக்கிலிருந்து மேற்காக ஒரு ஜெட் காற்று ஓடத் தொடங்குகிறது. அதன் நடுப்பகுதி ஏறத்தாழ சென்னையின் அட்சரேகையை ஒட்டியே அமைகிறது. வேகம் பல நாட்களில் மணிக்கு 100 கிலோமீட்டரைத் தாண்டும்.

இந்தக் கீழை ஜெட் காற்றை விளக்கி 1958இல் கட்டுரை எழுதியவர் நம் நாட்டு அறிஞர் பி. கோட்டீஸ்வரம். பின்னாளில் இந்திய வானிலைத் துறையின் தலைவராகவும் இருந்தவர். பருவமழையில் மேலெழும் காற்றை உச்சியில் வாங்கி அப்பால் கொண்டுபோவது இந்தக் காற்றே. அது வலுக்கும் காலமும் பருவமழை வலுக்கும் காலமும் பெரும்பாலும் ஒன்றே.

சென்னைக்கு மட்டும் ஏன் காய்ச்சல்?

கேரளத்தில் மழை தொடங்கிய பிறகும் ஜூனில் சென்னை ஏன் காய்கிறது என்று நீங்கள் கேட்கலாம். பருவக்காற்று மேற்குத் தொடர்ச்சி மலையில் மழையைக் கொட்டிவிட்டு, இப்பக்கம் இறங்கும்போது வறண்டு சூடாகிறது. சைக்கிள் பம்பின் கதைதான். அந்த மேல்காற்று நிலத்தைக் கடந்து கடலை நோக்கி வீசுகிறது. கடற்காற்றோ எதிர்த் திசையிலிருந்து உள்ளே வரப் பார்க்கிறது. மேல்காற்று தளர்ந்த நாளில் கடற்காற்று நண்பகலுக்கு முன்பே வந்து ஊரைக் குளிர்விக்கும். மேல்காற்று வலுத்த நாளில் கடற்காற்று பிற்பகல் வரை கரையிலேயே தடுக்கப்படும். வெப்பம் 40 டிகிரியைத் தாண்டும். ஆகவே, கடற்கரை ஊரின் வெயிலில் உள்ளூர்க் காற்றுக்கும் பங்குண்டு, தொலைதூர மலைக்கும் பங்குண்டு.

இனி என்ன?

வடதுருவப் பகுதி உலகின் சராசரியைவிட விரைவாகச் சூடேறி வருகிறது. வேறுபாடு குறைந்தால் ஜெட் காற்று தளர வேண்டும். அப்படியானால் அது இன்னும் அதிகமாக வளைந்து, ஒரே இடத்தில் நெடுநாள் நிற்குமா? சிலர் ஆம் என்கிறார்கள். சிலர் சான்று போதாது என்கிறார்கள். இந்தக் கேள்வி இன்னும் தீரவில்லை. உங்களில் ஒருவர் வளர்ந்து விடை காணலாம்.

அதற்கு முன் ஒன்று செய்து பாருங்கள். ஜூன், ஜூலை மாதங்களில் ஒரு நாள் மாலை, மொட்டை மாடியிலோ திறந்த வெளியிலோ நின்று ஒரு தென்னை மரத்தின் உச்சியையோ கோபுரத்தின் முனையையோ குறியாக வைத்துக்கொண்டு வானத்தைப் பாருங்கள். தாழ்வான மேகங்கள் மேற்கிலிருந்து கிழக்கே போகும். அவற்றுக்கு வெகு உயரத்தில், வெண்பஞ்சு இழைபோன்ற கீற்று மேகங்கள் தெரிந்தால் பொறுமையாகக் கவனியுங்கள். அவை கிழக்கிலிருந்து மேற்கே நகர்வதைக் காண்பீர்கள். கோட்டீஸ்வரம் எழுதிய ஜெட் காற்று செல்லும் திசை அதுதான். தேதி, நேரம், இரு மேகங்களின் திசை, அன்று கடற்காற்று வந்த நேரம் ஆகியவற்றை ஒரு நோட்டுப் புத்தகத்தில் குறித்து வாருங்கள். ஒரு மாதம் எழுதிய பின் புரட்டிப் பார்த்தால் உங்கள் ஊர் வெயிலின் போக்கு உங்களுக்கே விளங்கத் தொடங்கும்.