இணையத்தளமும் அதன் உறுதியும்

கடைக்குப் பெயர்ப்பலகை எத்துணை இன்றியமையாததோ, இணையத்தளமும் அத்துணை இன்றியமையாததென இன்று பலராலும் கருதப்படுகின்றது. பெரிய நிறுவனங்கள் தம் தளத்தைப் பேணுதற்கெனத் தனிப்பிரிவுகளையே வைத்துள்ளன. சிறு முதலுடன் தொழில் நடத்துவோர்க்கு அஃது இயலாது. நிறுவனம் எதிலும் உத்தியோகம் வகியாது தனித்துத் தொழில்புரியும் வடிவமைப்பாளர் ஒருவரை அவர்கள் நாடுகின்றனர். இத்தகையோரை நம் இளைஞர் 'பிரீலான்சர்' என்பர். நம் கல்லூரியின் பழைய மாணவருள் வாணிகத்துறை புகுந்தோரும் உளர். வடிவமைப்புத் தொழிலை மேற்கொள்ள விழையும் மாணவரும் உளர். இரு சாராருக்கும் பயன்படுமாறு, இவ்வாறு ஒருவரை அமர்த்தும் முறையை நாம் ஈண்டு விளக்கப் புகுகின்றோம்.

முதற்கண் எழுவது, தளம் நமக்கு வேண்டுமா என்னும் வினா. அயலவர்க்கு மாத்திரம் பண்டம் விற்குஞ் சில்லறைக் கடைக்கு, கூகிள் நிலப்படத்திற் கடையின் பெயர், தொலைபேசி இலக்கம், திறக்கும் நேரம் ஆகியவற்றைப் பதிந்து வைத்தலே பெரும்பாலும் சாலும்; அதற்குக் கட்டணமுமில்லை. பனங்கட்டியும் ஒடியல் மாவும் பொதிசெய்து கடல்கடந்த நாடுகளுக்கு அனுப்பும் ஒருவரின் நிலை வேறு. ரொறன்ரோவிலிருந்து வாங்க விரும்பும் ஒருவர் அவருடைய கடைவாயிலை மிதிக்கப் போவதில்லை. பண்டத்தின் படம், நிறை, விலை, அனுப்பும் செலவு, பணஞ் செலுத்தும் வழி ஆகிய யாவற்றையும் தளமே அவருக்கு உணர்த்தல் வேண்டும். இப் பனம்பொருள் வணிகரையே உதாரணமாகக் கொண்டு மேலே செல்வோம்.

வடிவமைப்பாளரைத் தெரிவு செய்யுமுன் வணிகர் தமக்கு வேண்டியதை ஒரு தாளில் எழுதிக்கொள்ளல் நன்று. தளத்துக்கு வருபவர் யார், அவர் எதைத் தேடி வருகின்றார், எதைச் செய்துவிட்டுப் போகவேண்டும் என்னும் மூன்றுக்கும் விடை கண்டால், பக்கங்கள் எத்தனை, மொழிகள் எவை என்பன தாமே தெளிவாகும். பின்னர், வடிவமைப்பாளர் முன்பு ஆக்கிய தளங்கள் மூன்றனைக் கேட்டறிந்து, அவற்றைத் தம் கைத்தொலைபேசியிலே திறந்து பார்க்கவேண்டும். அத்தளங்களின் சொந்தக்காரரோடு பேசுதல் அதனினும் நன்று. வேலை தவணைக்கு முடிந்ததா என்பதோடு, தளத்தின் திறவுகோல்கள் இப்பொழுது யார் கையில் உள்ளன என்றும் அவர்களை வினாவுதல் வேண்டும். இரண்டாவது வினாவைக் கேட்போர் சிலரே. ஆயினும் அதுவே தலையாயது. அதன் காரணத்தைக் கூறுவோம்.

இணையத்தளம் ஒரு பொருளன்று. மூன்று பொருள்களின் சேர்க்கை. முதலாவது தளத்தின் பெயர். இதனை 'டொமைன்' என்பர். இலங்கைக்குரிய 'டொட் எல்.கே.' என்னும் ஈறு 1990ஆம் ஆண்டு முதல் உள்ளது, 2010இல் '.இலங்கை' எனத் தமிழெழுத்தாலாய ஈறும் நமக்குக் கிடைத்தது. எவ்வீற்றை உடையதாயினும் பெயர் ஒரேயடியாக விலைக்கு வாங்கப்படுவதன்று. ஆண்டுக் கணக்கிற் பதியப்படுவது. 'டொட் கொம்' பெயரை ஒரு தடவையில் 1 ஆண்டு முதல் 10 ஆண்டு வரைக்குப் பதியலாம். இரண்டாவது, பக்கங்கள் தங்கியிருக்குங் கணினியில் வாடகைக்குப் பெறும் இடம். இதனை 'ஹோஸ்டிங்' என்பர். மூன்றாவது, எழுத்தும் படமும் நிரலுமாகிய பக்கங்கள். வீட்டோடு ஒப்பிடின், பெயர் அதன் விலாசம். இடம் அதன் நிலம். பக்கங்கள் அதன் கட்டடம். இம்மூன்றன் உறுதியும் யார் பெயரில் உள்ளது என்பதிலேயே வணிகரின் எதிர்காலம் தங்கியுள்ளது.

வணிகருக்குக் கணினிப் பழக்கம் குறைவு. ஆதலின் வடிவமைப்பாளர், வசதி கருதித் தம் மின்னஞ்சலையும் தம் கடனட்டையையுங் கொண்டே பெயரையும் இடத்தையும் பதிந்துவிடுகின்றார். இதில் வஞ்சகம் இல்லாதிருக்கலாம். ஈராண்டு கழிகின்றது. வடிவமைப்பாளர் வெளிநாடு செல்கின்றார். அல்லது வேறு தொழில் புகுந்து பழைய மின்னஞ்சலைப் பாராது விடுகின்றார். பதிவைப் புதுப்பிக்குமாறு வரும் அறிவித்தல் அவருக்கே போகின்றது; வணிகர் ஒன்றும் அறியார். தவணை கடந்தபின் 'டொட் கொம்' பெயர் பதிவிலிருந்து நீக்கப்படின், அதனை மேலதிகக் கட்டணஞ் செலுத்தி மீட்க 30 நாட்கள் உண்டு. அதன்பின் சில நாட்களில் அஃது உலகில் எவரும் எடுத்துக்கொள்ளத்தக்க பெயராகிவிடும். அப்பெயரோ பொதியுறைகளில் அச்சிடப்பட்டிருக்கும்; அப்பெயரிலமைந்த மின்னஞ்சல் முகவரியும் உடன் அவிந்துபோகும். பல்லாண்டு தேடிய வாடிக்கையாளர், பிறனொருவன் வாயிலிற் போய் நிற்பர்.

இவ்விடரைத் தவிர்த்தல் அரிதன்று. பெயரையும் இடத்தையும் வணிகரே தம் பெயர், தம் மின்னஞ்சல், தம் அட்டை கொண்டு பதிதல் வேண்டும். வடிவமைப்பாளர் பக்கத்தில் அமர்ந்து வழிகாட்டலாம். வேலை செய்தற்கு அவருக்கெனத் தனி அனுமதி ஒன்றை வழங்கி, வேலை முடிந்ததும் அதனை நீக்கிவிடலாம். புதுப்பிக்கும் நாளைக் கடைக் கணக்குப் புத்தகத்தின் முதற்பக்கத்திற் குறித்து வைத்தல் நலம்.

இனிக் கட்டடத்தின் உரிமையை நோக்குவோம். பணங் கொடுத்துச் செய்வித்தமையாற் பக்கங்கள் தமக்கே உரியன எனப் பலர் எண்ணுவர். சட்டம் அவ்வாறு கூறவில்லை. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின்படி, ஆக்கத்தின் முதல் உரிமை ஆக்கியவனுக்கே உரியது. ஊழியன் தன் உத்தியோகக் கடமையில் ஆக்கியதன் பொருளாதார உரிமை, வேறு உடன்பாடு இல்லையாயின், எசமானுக்குச் சேரும். தனித்துத் தொழில்புரியும் வடிவமைப்பாளரோ ஊழியரல்லர். ஆதலின் உரிமை வணிகருக்கு மாறவேண்டுமாயின் அஃது எழுத்தில் அமைந்து, இரு பகுதியாரும் ஒப்பமிட்டதாதல் வேண்டும். எழுதாக் கடனுக்கு அழுதால் தீருமா என்னும் பழமொழி இங்கு முற்றும் பொருந்தும்.

உடன்படிக்கை நீண்டதாயிருத்தல் வேண்டியதில்லை. இரண்டு பக்கஞ் சாலும். ஆக்கப்படும் பக்கங்களின் தொகை, மொழிகள், முடிக்கும் நாள், கட்டணத்துள் அடங்கிய திருத்தங்கள் எத்தனை தடவை, படம் எடுப்பவர் யார், கையளித்தபின் எத்தனை மாதம் பழுது பார்க்கப்படும், உரிமை எப்பொழுது மாறும் என்பன அதில் இடம்பெறல் வேண்டும். விலைக்கு வாங்கிய வார்ப்புருவோ மென்பொருளோ சேர்க்கப்படின், அதன் அனுமதி யார் பெயரில் உள்ளது என்பதையும் எழுதுக. மின்னஞ்சல் வாயிலாக முடிந்த ஒப்பந்தத்தை, அது மின்வடிவில் உள்ளது என்னும் ஒரே காரணத்தால் தள்ளலாகாது என்பது 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல்வாங்கல்கள் சட்டத்தின் நிலை. எனினும் உரிமை மாற்றத்தைத் தாளில் எழுதி ஒப்பமிடுதலே ஐயத்துக்கு இடமில்லா வழி.

கட்டணத்தை மூன்று தவணையாகப் பகுத்தல் இருவர்க்கும் நன்று: ஒப்பமிடும்போது ஒரு பங்கு, மாதிரியை ஏற்றபின் ஒரு பங்கு, திறவுகோல்கள் கைக்கு வந்தபின் எஞ்சிய பங்கு. வணிகருக்கும் கடமைகள் உண்டு. வேலை தாமதித்தற்கு வடிவமைப்பாளர் மாத்திரம் காரணரல்லர். விலைப்பட்டியலும் படங்களும் கொடாது மாதக்கணக்கிற் காக்கவைப்போரும் உளர். உடன்படிக்கையில் இல்லாததொன்றைப் பின்னர்க் கேட்பின் அதற்கு வேறு கூலி கொடுத்தல் முறை. மாதச் சம்பளமில்லாத அவருக்குத் தவணைப்பணமே சீவனம் என்பதை மறத்தலாகாது.

தளத்தைக் கையேற்குமுன் நான்கனைச் சோதித்தல் வேண்டும். ஒன்று, கைத்தொலைபேசியில், மெதுவான இணைப்பிலும் விரைந்து திறக்கின்றதா என்பது. இரண்டு, தமிழ் யூனிக்கோட் முறையில் உள்ளதா என்பது. 1991ஆம் ஆண்டின் முதற்பதிப்பிலேயே யூனிக்கோட்டில் தமிழ் இடம்பெற்றது. நம் அச்சகங்களிற் பழகிய பாமினி எழுத்துருவில் தட்டெழுதியதை அப்படியே தளத்திலிட்டால், அவ்வெழுத்துரு இல்லாத கருவியில் அஃது ஆங்கில எழுத்துக் குவியலாய்த் தோன்றும், தேடுவார்க்கும் அகப்படாது. மூன்று, இணைப்புப் பாதுகாப்பானதா என்பது. 2018 யூலை முதல் கூகிள் குரோம், பாதுகாப்புச் சான்றிதழில்லாத தளங்களைப் 'பாதுகாப்பற்றவை' என்றே காட்டி வருகின்றது. அத்தகைய சான்றிதழை இலவசமாகவும் பெறலாம். நான்கு, தளத்தின் முழுப்பிரதி ஒன்று வணிகரின் கையில் உள்ளதா என்பது. 2003இல் வெளிவந்த வேர்ட்பிரஸ் போன்ற இலவச மென்பொருளில் அமைந்த தளமாயின், வேறொருவரைக் கொண்டும் அதனைப் பேணலாம். ஆயினும் அம்மென்பொருளை அவ்வப்போது புதுப்பியாதுவிடின் கள்வர் நுழைவர்.

இத்தொழிலை மேற்கொள்ள விழையும் நம் மாணவர்க்கும் ஒரு சொல். வாடிக்கையாளர் கேளாதிருப்பினும் பெயரை அவர் பெயரிலேயே பதிந்து, திறவுகோல்களை ஒரு தாளில் எழுதி அவர் கையிற் கொடுத்து விடைபெறுங்கள். திறவுகோலைத் தம்மிடம் வைத்திருப்பவரிடம் மக்கள் வேறு வழியின்றி வருவர். அதனைக் கொடுத்துவிட்டவரிடம் விரும்பி வருவர். நம் கல்லூரியின் பெயருக்கு ஏற்றமளிப்போர் பின்னவரே.