மருத்துவமனையில் ஆன்ம ஆற்றுப்படுத்தல்: ஆய்வும் நடைமுறையும் – குலசேகரம் வட்டாரத்தை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

மருத்துவமனைகளில் நோயாளியின் ஆன்ம நலனைப் பேணும் பணி, கடந்த ஒரு நூற்றாண்டில் போதித்தலிலிருந்து கேட்டலுக்கும், கேட்டலிலிருந்து பதிவுசெய்தலுக்கும் நகர்ந்துள்ளது. இம்மாற்றத்தில் ஆய்வு வகித்த பங்கினை இக்கட்டுரை விளக்குகிறது. பல சமயத்தாரும் கலந்து வாழும் கன்னியாகுமரி மாவட்டத்தின் குலசேகரம் வட்டாரத்தில் அத்தகைய ஆய்வு எதிலிருந்து தொடங்க வேண்டும் என்பதையும் ஆராய்கிறது.

திறவுச் சொற்கள்: ஆற்றுப்படுத்தல், மருத்துவமனைப் போதகர், நோய் ஆதரவுச் சிகிச்சை, உரையாடல் பதிவு, நெய்யூர், குலசேகரம்

முன்னுரை

திருக்குறளின் ‘மருந்து’ அதிகாரத்தின் இறுதிக் குறள், மருத்துவத்தை நோயாளி, மருத்துவர், மருந்து, உடனிருந்து பேணுபவர் என நான்கு கூறுகளாகப் பகுக்கிறது. நான்காமவரை வள்ளுவர் ‘உழைச்செல்வான்’ என்கிறார். இன்று அந்த இடத்தில் செவிலியரை வைத்துப் பார்ப்பது வழக்கம். ஆனால் மருந்து கொடுத்து முடித்த பின்னும் படுக்கையருகே நின்று, “எனக்கு ஏன் இப்படி வந்தது?” என்ற கேள்வியை எதிர்கொள்பவர் யார்? மேலை நாட்டு மருத்துவமனைகள் இதற்கெனத் தனிப் பணியாளரை அமர்த்தின. அவரை ஆங்கிலத்தில் ‘சாப்ளின்’ என்பர். தமிழ்த் திருச்சபைகளில் மருத்துவமனைப் போதகர், ஆன்ம குரு என்னும் வழக்குகள் உள்ளன. இரண்டும் ஒரு சமயத்தின் குருவையே சுட்டுவதால், பிற சமயத்தாரும் சமயம் சாராதாரும் அச்சொற்களுக்குள் அடங்குவதில்லை.

உளநல ஆலோசனையைக் குறிக்கத் தமிழில் வழங்கும் ‘ஆற்றுப்படுத்தல்’ என்ற சொல் இப்பணிக்கு மேலும் பொருந்துகிறது. ஆறு என்பது வழி. ஆற்றுப்படை நூல்களில் பரிசில் பெற்றுத் திரும்புபவர், வறுமையில் வருபவருக்குத் தாம் நடந்து வந்த வழியைக் கூறுவார். அவரைக் கைப்பிடித்து இழுத்துச் செல்வதில்லை. நடப்பதும் நடவாதிருப்பதும் கேட்பவரின் விருப்பம். இக்கட்டுரை ‘ஆன்ம ஆற்றுப்படுத்துநர்’ என்ற சொல்லை இப்பொருளிலேயே ஆள்கிறது.

நெய்யூர் மரபு

குலசேகரத்திற்குத் தெற்கே உள்ள நெய்யூரில் 1838ஆம் ஆண்டு லண்டன் மிஷனரி சங்கத்தின் மருத்துவர் ஆர்ச்சிபால்டு ராம்சே பணி தொடங்கினார். தென்திருவிதாங்கூரின் மேலை மருத்துவ வரலாறு பெரும்பாலும் அங்கிருந்தே எழுதப்படுகிறது. 1861இல் வந்த ஜான் லோ, உள்ளூர் இளைஞர்களுக்கு மருத்துவமும் சமயப் பணியும் ஒருங்கே கற்பித்துக் கிளை மருத்துவமனைகளுக்கு அனுப்பினார். எவரெஸ்ட் ஏறும் பயணங்களில் பங்கேற்ற அறுவை மருத்துவர் ஹோவர்டு சாமர்வெல் 1920களில் இங்கு வந்து நீண்டகாலம் பணியாற்றினார். நாகர்கோவிலில் இரட்சணிய சேனையின் கேத்தரின் பூத் மருத்துவமனையும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் தோன்றிய அதே மரபைச் சார்ந்ததே.

இம்மருத்துவமனைகளில் உபதேசியாரும் வேதாகமப் பெண்களும் வார்டுகளில் வலம் வந்தனர். புறநோயாளிகள் காத்திருக்கும் வேளையில் வேத வாசிப்பும் செபமும் நிகழ்வது மிஷன் மருத்துவமனைகளின் பொதுவழக்கம். இதனை வெறும் மதம் பரப்பும் உத்தி என்று தள்ளிவிடுவதும், தன்னலமற்ற தொண்டு என்று போற்றி நின்றுவிடுவதும் ஆய்வாளருக்கு உதவா. ஒடுக்கப்பட்ட சாதியினரைத் தொட்டுச் சிகிச்சை செய்த இடத்திலேயே போதனையும் நடந்தது. இரண்டையும் பிரித்து எடைபோடுவது எளிதன்று. ஒன்று மட்டும் தெளிவு: சிகிச்சை பெற்றோர் எத்தனை பேர், செய்தியைக் கேட்டோர் எத்தனை பேர் என்பவை எண்ணப்பட்டன. படுக்கையில் இருந்தவர் என்ன சொன்னார் என்பது அந்த அளவிற்கு எண்ணத்தக்கதாகக் கருதப்படவில்லை.

நாஞ்சில் நாட்டில் ஆறுதல் மிஷன் மருத்துவமனைகளோடு தொடங்கவில்லை என்பதையும் குறிப்பிட வேண்டும். வர்ம ஆசான்களின் மருத்துவத்தில் கைவினையும் குருபக்தியும் பிரிவதில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பாதியில் சாமித்தோப்பில் அய்யா வைகுண்டர் தொடங்கிய வழியில், நாமமும் நீரும் நோய் தீர்க்கும் என்ற நம்பிக்கை இன்றும் வாழ்கிறது.

கேட்டலின் தொடக்கம்

இப்பணியை முதன்முதலாக ஆய்வுக்குரிய பொருளாக மாற்றியவர் தாமே நோயாளியாக இருந்தவர் என்பது கருதத்தக்கது. அமெரிக்கப் போதகரான ஆண்டன் பாய்சன் 1920இல் கடுமையான மனநோயால் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். குணமடைந்து, வூஸ்டர் அரசு மனநல மருத்துவமனையில் ஆன்ம ஆற்றுப்படுத்துநராகப் பொறுப்பேற்ற அவர், 1925இல் இறையியல் மாணவர்கள் சிலரை அங்கு அழைத்துப் பயிற்றினார். நூல்களைப் படிப்பது போலவே துன்புறும் மனிதரையும் வாழும் ஆவணமாகக் கருதிப் படிக்க வேண்டும் என்பது அவர் கொள்கை. அதே ஆண்டில் மருத்துவர் ரிச்சர்டு கேபட், மருத்துவ மாணவரைப் போலவே இறையியல் மாணவரும் ஓராண்டு நோயாளிகளிடையே பயில வேண்டும் என்று வாதிட்டார். பின்னர் அவரோடு இணைந்து எழுதிய ரசல் டிக்ஸ், நோயாளியுடன் நிகழ்ந்த உரையாடலை நினைவிலிருந்து சொல்லுக்குச் சொல் எழுதி, ஆசிரியருடன் அமர்ந்து அலசும் முறையை வளர்த்தார்.

எளிய முறைதான், ஆனால் அதன் விளைவு பெரிது. எழுதிப் பார்க்கும்போது போதகர் எங்கே நோயாளியின் பேச்சை இடைமறித்தார், எந்த அச்சத்தைக் கண்டு அவசரமாகச் செபத்திற்குத் தாவினார் என்பது தாளில் தெரிந்துவிடும். செபம் நோயாளிக்குத் தேவைப்பட்டதா, சங்கடத்திலிருந்து தப்பப் போதகருக்குத் தேவைப்பட்டதா என்ற கேள்வி இங்குதான் பிறந்தது. இந்தியாவில் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் இதற்கெனத் தனித்துறையும் பயிற்சியும் உள்ளன.

லண்டனில் 1967இல் புனித கிறிஸ்டோபர் ஹாஸ்பிஸ் இல்லத்தைத் தொடங்கிய சிசிலி சாண்டர்ஸ், வலிக்கு உடல், மனம், சமூகம், ஆன்மா என்னும் நான்கு முகங்கள் உண்டென்று கொண்டு அதனை ‘முழு வலி’ எனப் பெயரிட்டார். உலகச் சுகாதார நிறுவனத்தின் 2002ஆம் ஆண்டு வரையறையிலும் ஆன்மத் துன்பம் இடம்பெற்றது. இதனால் இப்பணி சமயத்தின் வாசலிலிருந்து மருத்துவத்தின் வாசலுக்கு வந்தது. வந்தவுடன் மருத்துவம் வழக்கமாகக் கேட்கும் கேள்வியையும் எதிர்கொண்டது: இதனால் பயன் உண்டா?

அளவிடுதலின் எல்லை

இக்கேள்விக்கு விடைதேடிய முயற்சிகளுள் சில வழிதவறின. செபத்தை ஒரு மருந்துபோல் கொண்டு சோதித்த ஆய்வுகள் அவ்வகையின. ஹெர்பர்ட் பென்சன் குழுவினர் 2006இல் வெளியிட்ட ஆய்வில், இதயத் தமனி மாற்றுவழி அறுவை செய்துகொண்ட 1,802 பேர் மூன்று பிரிவாக்கப்பட்டனர். தமக்காகப் பிறர் செபிக்கக்கூடும் அல்லது செபிக்காமலும் இருக்கலாம் என்று அறிந்த இரு பிரிவினரில், செபிக்கப்பட்டோருக்கு 52 விழுக்காடும் செபிக்கப்படாதோருக்கு 51 விழுக்காடும் சிக்கல்கள் நேர்ந்தன. செபம் உறுதி என்று தெரிந்திருந்த மூன்றாம் பிரிவில் அது 59 விழுக்காடாக இருந்தது. முன்பின் அறியாதவர் தொலைவிலிருந்து செய்யும் செபம், அருகிருந்து ஆற்றுப்படுத்தலுக்கு ஈடாகாது என்பதால், இம்முடிவு இப்பணியை எதிர்க்கவோ ஆதரிக்கவோ பயன்படாது. கேள்வியே தவறாகக் கேட்கப்பட்டது எனலாம்.

பயனுள்ள ஆய்வுகள் தொலைவை விட்டு வார்டுக்குத் திரும்பின. சிகாகோ பல்கலைக்கழக மருத்துவமனையில் 3,141 உள்நோயாளிகளிடம் நடந்து 2011இல் வெளிவந்த ஆய்வில், 41 விழுக்காட்டினர் தம் சமய, ஆன்மக் கவலைகளை மருத்துவமனையில் யாரிடமாவது பேச விரும்பியதாகக் கூறினர். அவர்களுள் ஏறத்தாழப் பாதிப்பேருக்கே அந்த வாய்ப்புக் கிட்டியது. பேச வாய்ப்புப் பெற்றோர் தம் சிகிச்சையில் மிகுந்த மனநிறைவு தெரிவித்தனர். ஜார்ஜ் ஃபிட்செட் போன்றோர், எண்ணிக்கைக்கு முன் நுணுக்கமான தனிநேர்வுப் பதிவுகள் வேண்டும் என்று வலியுறுத்தி, அத்தகைய பதிவுகளைத் தொகுத்து 2015இல் நூலாக்கினர். நெதர்லாந்தில் கடவுள் நம்பிக்கை சாராத மனிதநேய ஆற்றுப்படுத்துநர்களும் மருத்துவமனைகளில் பணியாற்றுகின்றனர் என்பது, இப்பணி சமயத்தோடு கொண்ட உறவு எவ்வளவு மாறியுள்ளது என்பதைக் காட்டும்.

தமிழகத்திலிருந்தே ஓர் ஆய்வு உலகக் கவனம் பெற்றது. ஏர்வாடியில் 2001 ஆகஸ்டு 6 அன்று, சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த மனநோயாளர் 28 பேர் தீயில் மாண்டனர். வழிபாட்டிடங்களில் மனநோயாளரை வைத்திருப்பதே குற்றம் என்ற கருத்து அப்போது வலுத்தது. மறு ஆண்டு ரகுராம் குழுவினர் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வெளியிட்ட கட்டுரை, வேலாயுதம்பாளையம்புதூர் முத்துசாமி கோயிலில் தங்கியிருந்த 31 பேரை ஆராய்ந்தது. அங்கு சங்கிலி இல்லை, சிறப்புச் சடங்கும் இல்லை. காலை வழிபாடும் சிறு கோயில் வேலைகளும் உடன் தங்கிய உறவினரும் இருந்தனர். மனநோய்க் குறிகளை அளக்கும் அளவுகோலில் ஏறத்தாழ 20 விழுக்காடு குறைவு காணப்பட்டது. ஆய்வாளர்கள் இதனைத் தெய்வச் செயலாக விளக்காமல், அச்சுறுத்தாத, ஏற்றுக்கொள்ளும் சூழலின் பயனாக விளக்கினர். ஒப்பீட்டுக் குழு இல்லாத சிற்றாய்வு இது. எனினும் இடத்திற்கு இடம் வேறுபாடு உண்டென்று காட்டியதில் அதன் மதிப்பு உள்ளது. கந்தசாமி, சதுர்வேதி, தேசாய் ஆகியோர் முற்றிய புற்றுநோயாளர் 50 பேரிடம் செய்த 2011ஆம் ஆண்டு ஆய்வு, ஆன்ம நலன் மிகுந்தோரிடம் மனச்சோர்வும் பதற்றமும் குறைந்திருந்ததைக் கண்டது. ஆன்ம நலன் சோர்வைக் குறைத்ததா, சோர்வு குறைந்ததால் ஆன்ம நலன் மிகுந்ததா என்பதை இத்தகைய ஒருமுறை அளவீடு சொல்லாது.

குலசேகரத்தில் எழும் சிக்கல்கள்

குலசேகரம் மலையடிவாரத்து ஊர். ரப்பர் தோட்டங்களில் பால்வெட்டும் தொழிலாளர், பேச்சிப்பாறைப் பக்கத்துக் காணி மக்கள், கடைத்தெரு வணிகர் எனப் பலரும் வந்து செல்லும் இடம். இங்கு ஸ்ரீமூகாம்பிகா மருத்துவக் கல்லூரியும் சாரதா கிருஷ்ணா ஹோமியோபதி மருத்துவக் கல்லூரியும் உள்ளன. புற்றுநோய் என்றால் எல்லை கடந்து திருவனந்தபுரம் மண்டலப் புற்றுநோய் மையத்திற்குச் செல்வோரும் இம்மாவட்டத்தில் பலர். அந்த எல்லைக்கு அப்பால், 1993இல் கோழிக்கோட்டில் தொடங்கிய நோய் ஆதரவு இயக்கம் தன்னார்வலர்களை வீடுதோறும் அனுப்பும் முறையைக் கேரளம் முழுவதும் வளர்த்துள்ளது. தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டமும் நோய் ஆதரவுச் சிகிச்சையை வீட்டு வாசலுக்குக் கொண்டுவந்தது. ஆக, பணிக்கான களம் வார்டோடு நிற்கவில்லை.

2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி கன்னியாகுமரி மாவட்டத்தில் இந்துக்கள் 48.65 விழுக்காடு, கிறித்தவர் 46.85 விழுக்காடு, இசுலாமியர் 4.20 விழுக்காடு. ஒரே வார்டில் அடுத்தடுத்த கட்டில்களில் திருநீறும் செபமாலையும் இருப்பது இங்கு இயல்பு. 1982 மார்ச்சில் மண்டைக்காட்டில் வெடித்த கலவரத்தின் நினைவும் இம்மண்ணில் உண்டு. நோயாளிக்காகச் செபிக்க வருபவரை அவர் குடும்பத்தார் ஐயத்தோடு பார்ப்பதற்கு அந்த நினைவும் ஒரு காரணமாகலாம். வீதியில் பேசும் போதகரைப் பிடிக்காதவர் விலகி நடக்கலாம்; கையில் குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருப்பவரால் எழுந்து செல்ல இயலாது. எனவே இசைவு என்பது இப்பணியில் அலுவல் நடைமுறை அன்று, பணியின் அடித்தளமே அதுதான். நோயாளியின் சமயத்தைச் சாராத ஆற்றுப்படுத்துநர் அவரிடம் செல்லலாமா என்ற கேள்வியைவிட, அவர் என்ன செய்யக்கூடாது என்ற கேள்விக்கே முதலில் விடை வேண்டும்.

அடுத்த சிக்கல் மொழி. கிறிஸ்டினா புசல்ஸ்கி 1996இல் உருவாக்கிய கேள்விமுறை, நோயாளியின் நம்பிக்கை, அதன் முதன்மை, அவர் சார்ந்த சமூகம், சிகிச்சையில் அதனைக் கருதும் வகை ஆகிய நான்கையும் வினவுகிறது. இதனைத் தமிழாக்கி, “உங்களுக்கு ஆன்மிக ஈடுபாடு உண்டா?” என்று பால்வெட்டும் தொழிலாளி ஒருவரிடம் கேட்டால், அவர் துறவியரையும் சொற்பொழிவாளரையும் நினைத்து “அதெல்லாம் இல்லை” என்று கூறக்கூடும். அவரே சற்று நேரத்தில், “நான் யாருக்கு என்ன பாவம் செய்தேன்?” என்று கேட்பார். விதி, தலையெழுத்து, கர்த்தர் சித்தம், அல்லாஹ்வின் நாட்டம் என்று சொற்கள் சமயந்தோறும் வேறுபடினும், பாவம், சோதனை என்னும் இரண்டும் மூன்று சமயத்தார் வாயிலும் புழங்குகின்றன. ஆனால் பொருள் ஒன்றன்று. ‘சோதனை’ என்று கூறுபவர் அதற்கு ஒரு முடிவு உண்டென்று எதிர்பார்க்கிறார். ‘தலையெழுத்து’ என்பவருக்கு அந்த எதிர்பார்ப்பு இல்லாமலும் இருக்கலாம், அதிலேயே அவர் அமைதி கண்டிருக்கவும் கூடும். மலையாளக் கலப்புள்ள இவ்வட்டார வழக்கில் நோயைத் ‘தீனம்’ என்பர். சொல்லிலேயே எளிமைப்பட்ட நிலையின் சாயல் உள்ளது. மொழிபெயர்த்த அளவுகோல்கள் இந்த வேறுபாடுகளை ஒரே எண்ணுக்குள் அடக்கிவிடும் இடர் உண்டு. ஆதலின் தமிழ் ஆய்வாளர் முதலில் செய்யத்தக்கது சொற்களைத் திரட்டுவது. இவ்விடத்தில் மொழியியலும் நாட்டார் வழக்காற்றியலும் மருத்துவத்திற்குத் துணையாகின்றன.

தனிநேர்வுப் பதிவே இதற்கு ஏற்ற வடிவம் எனினும், சிற்றூரில் அதற்கு ஒரு தடை உண்டு. பெருநகர ஆய்வில் பெயரை மாற்றினால் நோயாளி மறைந்துவிடுவார். குலசேகரத்தில் ‘தோட்டத் தொழிலாளி, மூன்று பெண்மக்கள், வாய்ப்புற்றுநோய்’ என்று எழுதினாலே சந்தையில் பாதிப்பேருக்கு ஆள் தெரிந்துவிடும். அவர் இறுதி நாள்களில் மருமகனைப் பற்றிக் கூறியதும் தெரிந்துவிடும். ஆகவே ஊர், தொழில், உறவு விவரங்களை மாற்றுவதோடு, பலரின் கூற்றுகளைச் சொல்வாரியாகப் பிரித்து வெளியிடும் முறையும் பரிசீலிக்கத்தக்கது. ஒருவரின் முழுக்கதை அதில் கிடைக்காது. ஆய்வுச் சுவையும் குறையும். அந்த இழப்பை ஏற்கத்தான் வேண்டும்.

தனிப் பணியிடம் உருவாகும் வரை இப்பணியைச் செய்வோர் இரவுப்பணிச் செவிலியரும் துணைக்கு நிற்கும் உறவினருமே. வெப்பநிலை, இரத்த அழுத்தம், சிறுநீர் அளவு ஆகியன எழுதப்படும் நோயாளிக் குறிப்பேட்டில், நோயாளியின் இசைவோடு, அவர் அன்றிரவு கேட்ட கேள்வியை அவர் சொற்களிலேயே ஒருவரியாகக் குறிப்பது தொடக்கத்திற்குப் போதுமானது. அவ்வரிக்கு அடுத்த நாள் யார் விடையளித்தார், அல்லது ஒருவரும் அளிக்கவில்லையா என்பதும் அதன் கீழ் எழுதப்பட வேண்டும்.