பழைய லேப்டாப்புக்கு 120 ஜிபி போதும்

பத்து வருடம் ஓடிய லேப்டாப் ஆமையாய் நகர்ந்தால் உடனே புதியது வாங்கக் கிளம்புகிறோம். வேண்டாம். பெரும்பாலும் பிராசஸர் இன்னும் தெம்பாகவே இருக்கும். இழுத்துப் பிடிப்பது ஹார்டு டிஸ்க்.

லேப்டாப் ஹார்டு டிஸ்க் பொதுவாக நிமிடத்துக்கு 5,400 சுற்றுச் சுற்றும். ஒரு சுற்றுக்கு 11 மில்லி விநாடி. படிக்கும் முனை உரிய இடத்துக்கு நகர்ந்து, தகவல் அதன் கீழே சுழன்று வரும்வரை காத்திருக்க வேண்டும். இப்படிச் சிதறிக்கிடக்கும் தகவல்களை விநாடிக்கு நூறு முறைகூட எடுக்க முடியாது. விண்டோஸ் எழும்போதோ ஆயிரக்கணக்கான குட்டி ஃபைல்கள் வேண்டும். ஹார்டு டிஸ்க்குக்கு மாற்றான எஸ்.எஸ்.டி.யில் (சாலிட் ஸ்டேட் டிரைவ்) சுழல எதுவுமில்லை. கேட்ட தகவல் 0.1 மில்லி விநாடியில் வந்துவிடும்.

எஸ்.எஸ்.டி. விலை எட்டாத உயரத்தில் இருந்த 2011இல், இன்டெல் 'ஸ்மார்ட் ரெஸ்பான்ஸ்' என்ற வழியைக் கொண்டுவந்தது. அடிக்கடி தேவைப்படும் தகவல்களின் நகலை மட்டும் சின்ன எஸ்.எஸ்.டி.யில் வைத்துக்கொள்ளும் ஏற்பாடு. அந்த நகலுக்கு உச்சவரம்பு 64 ஜிபி. 500 ஜிபி ஹார்டு டிஸ்க்கோடு 24 அல்லது 32 ஜிபி எஸ்.எஸ்.டி. சேர்ந்த லேப்டாப்கள் அப்படித்தான் வந்தன. நாம் தினமும் தொடுவது மொத்தத் தகவலில் சிறு பங்குதான் என்பதால் யோசனை நன்றாகவே பலித்தது. ஆனால் ஒரு ஆபத்து உண்டு. எழுதும் தகவலை எஸ்.எஸ்.டி.யில் முதலில் போட்டு, பிறகு ஹார்டு டிஸ்க்குக்கு அனுப்பும் முறையில், இடையில் எஸ்.எஸ்.டி. பழுதானால் அந்தத் தகவல் போனதுதான்.

இன்று அந்தச் சுற்றுவழி தேவையில்லை. 120 ஜிபி எஸ்.எஸ்.டி. ஒன்றை வாங்கி, ஹார்டு டிஸ்க் இருந்த இடத்திலேயே பொருத்தி, விண்டோஸையோ லினக்ஸையோ நேராக அதில் ஏற்றுங்கள். டிவிடி டிரைவ் இடத்தில் வேண்டாம்; சில பழைய மாடல்களில் அந்தப் பக்க இணைப்பு வேகம் குறைந்தது. அதனால்தான் எஸ்.எஸ்.டி.க்கு ஹார்டு டிஸ்க்கின் இடம். கழற்றிய ஹார்டு டிஸ்க்கை டிவிடி டிரைவ் இருந்த இடத்தில் கேடி (டிஸ்க்கைத் தாங்கும் சட்டம்) போட்டு மாட்டலாம். கேடி 9.5 மில்லிமீட்டர், 12.7 மில்லிமீட்டர் என இரு தடிமனில் கிடைக்கும். டிவிடி டிரைவைக் கழற்றி அளந்த பிறகே வாங்குங்கள். கல்யாண வீடியோ, போட்டோ, சினிமா எல்லாம் அந்த ஹார்டு டிஸ்க்கிலேயே இருக்கட்டும். வரிசையாகப் படிக்கும் வேலைக்கு அந்த வேகம் தாராளம்.

முதல் ஸ்குரூவைத் தொடும் முன் பேக்கப் எடுத்துவிடுங்கள். எஸ்.எஸ்.டி.யை முழுக்க நிரப்பாதீர்கள்; 20 ஜிபியாவது காலியாக இருக்கட்டும். ரேம் 2 ஜிபிதான் என்றால் அதையும் கூட்டுங்கள். இல்லாவிட்டால் ரேமில் இடம் போதாததையெல்லாம் எஸ்.எஸ்.டி. சுமக்க நேரும்.